யவனர் தேறலும் பிரெஞ்சு மதுவும்

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகரை அடுத்த புலாவ் திக்குஸ் பகுதியில் பிரெஞ்சுக் குருமார் நடத்திய கல்லூரி ஒன்று ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் இருந்தது. பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சங்கத்தார் ஆசிய நாட்டு இளைஞர்களைக் குருத்துவப் பணிக்கு ஆயத்தம் செய்யும் பொருட்டு அதனை நடத்தினர். பல நாட்டினர்க்கும் பொதுவாதலின் அது பொதுக் கல்லூரி எனப்பட்டது. மாணவர்தம் தாய்மொழி பலவாதலின் இலத்தீன் அதன் பாட மொழியாயிற்று. 1980களில் அக்கல்லூரி தஞ்சோங் பூங்காவுக்கு இடம் மாறியது.

அது பிறந்த இடம் பினாங்கு அன்று. 1665இல் சயாம் நாட்டின் பழைய தலைநகராகிய அயுத்தியாவில் அது தோன்றிற்று. பர்மியர் படையெடுப்புக்கு அஞ்சிக் கம்போடியக் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிற்று. அங்கும் கலகம் சூழவே, மலாக்கா வழியாகத் தமிழ் நாட்டுக் கரையை அடைந்தது. 1770இல் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள வீராம்பட்டினத்தில் நிலைகொண்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கும் மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மறுவாழ்வு பெற்றது.

இவ்விடமாற்றங்களுள் வீராம்பட்டினத்தில் தங்கிய காலம் தமிழாசிரியர்கள் சிறப்பாக நோக்கத்தக்கது. அக்காலத்தில் கல்லூரியை நடத்தியவர் பின்யோ தெ பெஹேன் என்னும் ஆயர். வியட்நாம் மொழிக்கும் இலத்தீனுக்கும் ஓர் அகராதியை அவர் அங்கிருந்தே தொகுத்தார். அவர் காலத்து மனையின் சிதைவுகள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இன்றும் உள்ளன. அவ்விடத்திற்கு அரிக்கமேடு என்று பெயர்.

கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கொடிமுந்திரிப் பழத்தினின்றும் ஆகிய கலப்பற்ற மதுவே ஏற்றது என்பது அத்திருச்சபையின் சட்டம். பிற பழச்சாறும் கள்ளும் அதற்கு ஆகா. ஆதலின் அக்கல்லூரி சென்ற இடமெல்லாம் அம்மதுவும் உடன் சென்றிருத்தல் வேண்டும். அரிக்கமேட்டு மண்ணில் நின்று இலத்தீன் பயின்ற அந்த இளைஞர், தம் காலடியில் அதே இலத்தீன் பேசிய நாட்டிலிருந்தும் கிரேக்கத் தீவுகளிலிருந்தும் வந்த மதுச் சாடிகள் புதைந்து கிடந்ததை அறியார். அறிந்திருக்கவும் இயலாது. அவை வெளிப்பட இன்னும் நூற்றெழுபது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தன.

மண்ணுள் இருந்த சான்று

அரிக்கமேட்டில் பழம்பொருள் உண்டு என்பது பிரெஞ்சுக்காரருக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே ஓரளவு தெரியும். 1769இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்தவர் லெ ழாந்தில் என்னும் வானநூலார். அன்று மேகம் மறைத்தமையால் அவர் வந்த காரியம் கைகூடவில்லை. ஆனால் ஊரார் அவ்விடத்தில் பெரிய பழஞ்செங்கற்களைத் தோண்டி எடுத்ததை அவர் கண்டு குறித்தார். 1930களில் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அங்குக் கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் திரட்டினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் பல வெளிப்பட்டன. 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அச்சாடிகள் இரு கைப்பிடியும், நீண்ட கழுத்தும், கூரிய அடியும் உடையவை. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குவதற்கு அவ்வடிவம் ஏற்றது. உரோமர் அளவுப்படி ஒரு சாடி ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். எலிசபெத் லைடிங் வில் என்னும் அறிஞர் அரிக்கமேட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மதுச் சாடிகளுள் கிரேக்கத்தின் கோஸ் தீவைச் சேர்ந்தவை மிகுதி எனக் கண்டார். ஒரு கைப்பிடியே இரண்டு தண்டுகள் ஒட்டினாற்போல் அமைந்திருப்பது கோஸ் சாடியின் அடையாளம். எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவந்த சாடிகளும் அவற்றிடையே இருந்தன.

கோஸ் தீவின் மது கடல்நீர் கலந்து செய்யப்படுவது. அதனைப் போலி செய்யும் முறையைக் கேட்டோ என்னும் உரோமர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தம் வேளாண்மை நூலுள் எழுதி வைத்தார். மது கசியாதிருக்கச் சாடியின் உட்புறம் பிசின் பூசுவர். அதன் மணமும் மதுவிற் கலக்கும். கிரேக்கரும் உரோமரும் அதனைத் தண்ணீர் கலந்தே பருகினர். ஆகவே தமிழகத்துக்கு வந்த யவனர் மது இன்றைய பிரெஞ்சு மதுவைப் போன்றதன்று. சிறிது உப்பும் சிறிது பிசின் மணமும் கலந்த ஒரு புதுச் சுவை அது.

ஏட்டில் இருந்த சான்று

மண்ணில் புதைந்த சான்றுக்கு இணையாக ஏட்டிலும் ஒரு சான்று உறங்கிற்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோதுதான் அது பலர் கைக்கும் வந்தது. அந்நூலின் 56ஆம் பாட்டில், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார். யவனர் தந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, இனிது வாழ்க என்பது அவ்வாழ்த்தின் கருத்து.

தேறல் வந்த விதத்தைக் கூறுமிடத்தில் புலவர் 'கலம்' என்ற சொல்லை ஆள்கின்றார். கலம் என்பது மரக்கலத்தையும் குறிக்கும்; மட்கலத்தையும் குறிக்கும். யவனர் தேறலைக் கொண்டுவந்தது நல்ல கப்பலிலா, நல்ல சாடியிலா என்னும் ஐயம் எழுவது இயல்பு. புறநானூற்றின் பழைய உரையாசிரியர் அதனைக் குப்பி எனவே கொண்டார். அரிக்கமேட்டுச் சாடிகளை அவர் கண்டவரல்லர். எனினும் அவர் கொண்ட பொருளுக்கு மண் பின்னாளில் துணை நின்றது.

கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'எரித்ரேயக் கடற்பயணம்' மற்றொரு சான்று தருகின்றது. மேற்குக் கரையின் பரிகாசா துறைக்கு இத்தாலிய மது, இலவோதிக்கேயா மது, அரேபிய மது ஆகியவை இறக்குமதியாயின எனவும், அவற்றுள் இத்தாலிய மதுவே விரும்பப்பட்டது எனவும் அது கூறும். சேர நாட்டு முசிறிக்கு மது வந்தாலும் மிகுதியாக வரவில்லை என்பது அந்நூலின் குறிப்பு. இதனை நக்கீரர் வாக்கோடு இயைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். யவனர் தேறல் தமிழகத்தில் ஊரார் உண்ட பொருளாக இருந்ததில்லை. அரசன் கையில் ஏந்திய அரும்பொருளாகவே அது கருதப்பட்டது.

புதிய சுவைக்குப் பழைய சொல்

இனி, புலவர் அப்புதிய மதுவுக்கு யாது பெயர் இட்டார் என்பது எண்ணத்தக்கது. யவனர் சொல்லை அவர் கடன் வாங்கவில்லை. தமிழர் முன்னரே அறிந்த தேறல் என்ற சொல்லையே அதற்கு வழங்கினார். தேறுதல் என்பது தெளிதல். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதே தேறல். கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, அரியல் எனப் பல பெயர்கள் இருந்தும் யவனர் மதுவுக்குத் தேறல் என்ற பெயரைத் தெரிந்தெடுத்தமையால், அதன் தெளிவு அவர் கண்ணுக்குப் பட்டது எனலாம். குளிர்ச்சியும் மணமும் அடையாக வருதலால், அது நாக்கிற்கும் மூக்கிற்கும் ஏற்றதாயிருந்தமை பெறப்படும்.

சங்கத் தமிழர் மதுவை மதித்த முறையில் நான்கு கூறுகள் காணப்படுகின்றன. முதலாவது நிலம். குறிஞ்சி நிலத்தார் மூங்கிற் குழாயில் விளைந்த தேன் தேறலைப் பருகிக் குரவை ஆடியதைத் திருமுருகாற்றுப்படை கூறுகின்றது. கடற்கரைப் பரதவர் பனையின் பிழியை உண்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. வீட்டில் சமைத்த தோப்பியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. அந்தந்த நிலத்தின் விளைவே அந்தந்த நிலத்தாரின் மதுவாயிற்று.

இரண்டாவது நாள். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குறிப்பிடுகின்றார். ஔவையார் நாட்பட்ட தேறலின் உறைப்புக்குத் தேள் கடுப்பை உவமை கூறுகின்றார். மூன்றாவது மணம்; நான்காவது தெளிவு. இவ்விரண்டிற்கும் நக்கீரர் வாழ்த்தே சான்று.

பிரான்சும் ஒரு காலத்தில் தொடக்க மாணவனே

இந்நான்கையும் நினைவிற்கொண்டு பிரெஞ்சு மதுவை அணுகினால் அது அயலாகத் தோன்றாது. மது என்றவுடன் பிரான்சை நினைப்பது இன்றைய வழக்கம். ஆனால் அரிக்கமேட்டுக்குச் சாடிகள் வரத் தொடங்கிய காலத்தில், இன்றைய பிரான்சில் வாழ்ந்த கோலியரும் அம்மதுவைப் பிறரிடம் வாங்கிப் பருகிய தொடக்க மாணவர்களே. மசாலியா என்னும் கிரேக்கக் குடியேற்றம் கி.மு. 600ஐ ஒட்டி அந்நாட்டுத் தென்கரையில் அமைந்தபின் கொடிமுந்திரி அங்கு வேரூன்றிற்று. எனினும் உள்நாட்டார் நெடுங்காலம் இத்தாலிய மதுவையே வாங்கினர். அவர்கள் தண்ணீர் கலவாமல் குடித்து மயங்கினர் என்றும், ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமையை ஈடாகக் கொடுத்தனர் என்றும் கி.மு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதினார்.

மயக்கத்தையே நாடிய அந்நாட்டார் பின்னர்ச் சுவையை ஆராய்பவராயினர். உரோமர் ஆட்சியில் கொடிமுந்திரித் தோட்டங்கள் வடக்கு நோக்கிப் பரவின. இடைக்காலத்தில் பர்கண்டி நாட்டுத் துறவியர் எந்த மண்ணில் எந்தப் பழம் நன்கு விளைகின்றது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, நிலத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து மதித்தனர். 1855இல் பாரிசுக் கண்காட்சிக்காகப் போர்தோ வட்டார மதுக்கள் தரவரிசைப்படுத்தப்பட்டன. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓர் ஊரின் பெயரை மதுப்புட்டியில் இட வேண்டுமானால், பழம் அவ்வூர் எல்லைக்குள் விளைந்திருத்தலும், வகுத்த முறைப்படி மது செய்தலும் கட்டாயமாயின.

ஆதலின் பிரெஞ்சு மதுவைப் பயிலத் தொடங்குபவன் முதலிற் கற்பது ஊர்ப்பெயர்களையே. போர்தோ என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைப் பழங்களின் கலப்பு. அதன் ஆற்றங்கரைச் சரளை மண்ணுக்கு ஒரு வகை, களிமண்ணுக்கு மற்றொரு வகை. பர்கண்டியின் சிவப்பு மதுவுக்குப் பெரும்பாலும் ஒரே பழம். ஆனால் அடுத்தடுத்த சரிவுகளில் விளைந்தாலும் சுவை வேறு. சாம்பெய்ன் வட்டாரத்து மது புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளித்து நுரைக்கும். மண், சரிவு, மழை, வெயில் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரு விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சுக்காரர் ஒரே சொல்லால் குறிப்பர். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் கொண்டே கருப்பொருளை வகுத்த திணை இலக்கணம் அறிந்தவர்க்கு இது புரியாத தத்துவம் அன்று.

பினாங்கு மக்களுக்கு இதனை விளக்க நூல்களும் வேண்டா. பாலிக் பூலாவ் மலைச்சரிவில் டுரியான் பருவம் வந்ததும், பழம் எந்தத் தோட்டத்தது, மரம் எத்தனை ஆண்டு முதிர்ந்தது, இனிப்பா கசப்பா, 'ஆங் ஹே' வகையா 'ஹோர் லோர்' வகையா என்று கேட்டே வாங்குவர். முதலில் முகர்வர், பின்பு ஒரு சுளையை நாவில் நிறுத்திச் சுவைப்பர். மதுவைப் பயில்வோரும் இதனையே செய்கின்றனர். வெண்துணிக்கு எதிரே கிண்ணத்தைப் பிடித்து நிறத்தை நோக்குவர். மெல்லச் சுழற்றி மணத்தை எழுப்பி முகர்வர். சிறிதளவு வாயிற் கொண்டு சற்று நிறுத்துவர். முன் சுவைத்ததோடு ஒப்பிடுவர். சொல்லும் நினைவும் கூடினாலன்றிச் சுவையறிவு வளராது.

முதிர்ந்த சிவப்பு மதுவின் அடியில் வண்டல் படியும். அதனைக் கலக்காமல் வேறொரு கலத்திற்குத் தெளிய இறுத்துப் பரிமாறுவது பிரெஞ்சு வழக்கம். தேறல் என்னும் சொல்லின் பொருளுக்கு இதனினும் ஏற்ற விளக்கம் அரிது.

பழத்துக்கு வந்த பெயர்கள்

கொடிமுந்திரியின் பெயரும் தனி வரலாறு உடையது. வடமொழித் திராட்சை என்ற சொல்லே தமிழகத்தில் இன்று பெருவழக்கு. சீர்திருத்தச் சபையார் விவிலியத்தில் திராட்சரசம் என்றே காணலாம். முந்திரிகை, கொடிமுந்திரி என்பன கத்தோலிக்கரின் பழைய நூல்களிலும் இலங்கைத் தமிழிலும் வழங்குகின்றன. மலையாளத்தில் முந்திரி என்றால் இன்றும் அப்பழமே. அமெரிக்காவினின்றும் போர்த்துகேயர் கொணர்ந்த கொட்டை மரத்துக்கு முந்திரி என்ற பெயர் தமிழகத்தில் ஏறியபின், கொடியில் காய்ப்பதைக் கொடிமுந்திரி என்று பிரித்துக் கூற வேண்டியதாயிற்று.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று கூறுவர். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரைச் சட்டத்தால் காக்கும் பிரெஞ்சு முறைக்கு உறவான ஏற்பாடு அது.

சுவை போய்ப் போதை நின்ற வரலாறு

இவ்வளவு சுவையறிவும் சொல்வளமும் உடைய மரபு பிற்காலத்தில் என்னவாயிற்று? இதற்கு விடை மலாயாத் தோட்டங்களில் உள்ளது. சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் வந்த தமிழர்க்குத் தோட்டத்தின் உள்ளேயோ அருகிலோ கள்ளுக்கடை இருந்தது. பகலெல்லாம் பால்வெட்டி ஈட்டிய காசு மாலையில் அங்கே கரைந்தது. கள்ளின் இயல்பும் அதற்கு உடந்தையாயிற்று. பாளையினின்றும் இறக்கிய உடனே கள் புளிக்கத் தொடங்கும். ஒரு நாள் கழிந்தால் காடியாகத் திரியும். கொடிமுந்திரி மதுவைப் போல அதனை ஆண்டுக்கணக்கில் முதிரவைக்க இயலாது. எனவே, நாட்பட்டதா, எந்த நிலத்தது என்ற கேள்விகளுக்கு அங்கு இடமில்லை. எத்தனை குவளை என்பதே எஞ்சியது.

தோட்டத் தமிழர் இதனைக் கண்டும் வாளாவிருந்தாரல்லர். பினாங்குக்கு அக்கரையான கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை கள்ளுக்கு எதிராகப் பாடுபட்டது. 1947 பிப்ரவரியில் பீடோங் கள்ளுக்கடையின் முன் திரண்ட தொழிலாளருக்கும் போலீசாருக்கும் மோதல் நிகழ்ந்தது. கூலி உயர்வு கேட்ட அதே மக்கள் கள்ளுக்கடையை மூடவும் கேட்டனர் என்பது மறக்கலாகாத செய்தி. தம் உழைப்பின் பயன் தம் பிள்ளைகளைச் சேர வேண்டும் என்பதே இரண்டு கோரிக்கைகளுக்கும் அடிப்படை.

இவ்வரலாற்றால் தமிழ் வகுப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கள்ளால் நொந்த குடும்பத்துப் பிள்ளைகள் முன் யவனர் தேறலைப் பாடம் சொல்ல நேரும் ஆசிரியர் சிலர் அவ்விடத்தை விரைந்து கடப்பர். வேறு சிலர் தேறலைத் தேன் என்றோ பழச்சாறு என்றோ மாற்றிக் கூறுவர். இரண்டும் பொருந்தா. தேறலைத் தேன் என்றால், கோஸ் தீவின் சாடியும் அரிக்கமேட்டு அகழ்வும் மாணவனுக்கு என்றும் எட்டாமற் போகும். தமிழர் உலகத்தோடு ஒத்த நிலையில் நின்று வாணிகம் செய்த காலத்தின் ஒரு சாட்சி அவன் கண்முன்னே மறைக்கப்படும்.

வள்ளுவர் காட்டும் வழி நேரானது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர் அவர். ஆயினும் காமத்துப்பாலில், கள் உண்டார்க்கே மகிழ்ச்சி தரும், காதலோ கண்டார்க்கே மகிழ்ச்சி தரும் என்று ஒப்பிட அவர் தயங்கவில்லை. அறிய வேண்டியதை அறிந்து, விலக்க வேண்டியதை விலக்குதலே அவர் நெறி.

நக்கீரர் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் அரிக்கமேட்டுச் சாடி ஒன்றை வரைந்து காட்டலாம். கலம் என்ற சொல்லின் இரு பொருளையும் மாணவர் முன் வைத்து வழக்காடச் செய்யலாம். தேறல் எப்படித் தேறிற்று என்று விளக்கலாம். அச்சாடிகள் கிடந்த மண்ணில் கற்பித்த கல்லூரியே பின்பு புலாவ் திக்குஸுக்கு வந்தது என்று சொன்னால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டு பினாங்கு மாணவனுக்குப் பக்கத்துத் தெருச் செய்தியாகும். பீடோங்கில் 1947இல் நடந்ததையும் அதே வகுப்பில் கூறலாம். பாண்டியன் பொற்கலத்தில் இருந்ததும் தோட்டத் தொழிலாளியின் குவளையில் இருந்ததும் வேறு வேறு என்பதை விளங்கிக்கொள்ளும் வயது மாணவனுக்கு உண்டு. அதனை எடுத்துரைக்கும் துணிவே ஆசிரியருக்கு வேண்டுவது.